நாலாய் மடித்த நூல்

மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் சந்துக்கு நகராட்சி வைத்த பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. "மரத்தூள் சந்துங்களா? இப்பிடியே போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றுதான் வழி சொல்வார்கள். சந்தின் கடைசியில் சா மில். கோயமுத்தூரில் மில் என்று மொட்டையாகச் சொன்னால் அது பஞ்சு மில்தான். சங்கு ஊதுகிற, ஷிப்ட் மாறுகிற, தீபாவளிக்கு போனஸ் பேசுகிற மில். எங்களுடையதற்குச் சங்கு கிடையாது. காலை எட்டு மணிக்கு ரம்பம் சுற்றத் தொடங்கும் சத்தமே சங்கு. கட்டைக்குள் நுழைந்ததும் அது தடிக்கும், கணுவில் முட்டினால் கீச்சிடும், மறுமுனையில் வெளியே வந்ததும் மூச்சு விட்டாற்போல இறங்கும். அடுப்படியில் உட்கார்ந்தபடியே ஆத்தா சொல்லும்: "இன்னிக்கிப் புளி அறுக்கறாங்க போல. சத்தம் மொத்தையா வருது."

அப்பா அந்த மில்லில் கணக்குப்பிள்ளை. பாதி நாள் மேசையில், பாதி நாள் வெயிலில், அடுக்கிக் கிடக்கும் கட்டைகளுக்கு நடுவே. காதில் பென்சில், ஒரு கையில் சாக்பீஸ், இன்னொரு கையில் நூல். மெழுகு தேய்த்து முறுக்கேற்றிய பருத்தி நூல் அது. கட்டையின் நடுவயிற்றில் அதைச் சுற்றி, முனை தொட்ட இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் பிடித்துக்கொள்வார். இரண்டாய் மடிப்பார். மறுபடியும் இரண்டாய். அப்படி நாலாய் மடித்த நூலை அடிக்கோலில் வைத்துப் பார்ப்பார். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, கட்டையின் நீளத்தால் இன்னொரு தரம் பெருக்கினால் கன அடி. கணக்கு மனசிலேயே நடக்கும். சாக்பீஸ் கட்டையின் வெட்டு முகத்தில் எழுதிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடும்.

எட்டாம் வகுப்பில் உருளையின் கன அளவு சொல்லிக்கொடுத்த அன்று சாயங்காலம் நேரே மில்லுக்கு ஓடினேன். நாலு அடி சுற்றளவு, பத்து அடி நீளம் உள்ள ஒரு தேக்குக் கட்டையில் அப்பா 10 என்று எழுதியிருந்தார். நான் 22/7 போட்டுப் பார்த்தேன். 12.73 வந்தது. பெரிய களவைக் கண்டுபிடித்தவன் போல அவர் முன்னால் போய் நின்றேன்.

"ரெண்டே முக்கால் அடி எங்கப்பா போச்சு?"

அப்பா சிரித்தார். "உருண்டைக் கட்டைய அப்பிடியே கொண்டுபோயி யாரு வாசக்கால் வெக்கிறாங்க? சதுரமாக்கோணுமல்ல? பட்டை போகும், வெள்ளை போகும், தூள் போகும். அந்தக் கழிவை முன்னாடியே தள்ளித்தான் கணக்கு." பிறகு சந்தின் பக்கம் கையைக் காட்டினார். "எங்கயும் போகலே. அங்கதான் போச்சு."

அந்தக் கணக்கு வெள்ளைக்காரன் ஊரிலிருந்து வந்தது என்று பிற்பாடு படித்தேன். எட்வர்ட் ஹோப்பஸ் என்ற நில அளவையாளர் 1736-ல் வெளியிட்ட வாய்பாடு. கப்பலேறி வந்து, கோயமுத்தூரில் ஒரு பருத்தி நூலுக்குள் குடியேறிவிட்டது. ஆனால் அப்பா சொன்ன "அங்கதான் போச்சு" என்பது எந்த வாய்பாட்டிலும் இல்லை. கணக்கில் வராத அந்த இரண்டே முக்கால் அடியில்தான் எங்கள் சந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

முதலில் தூள். மெஷினுக்கு அடியில் இருந்த குழியில் ஆள் உயரத்துக்குச் சேரும். காலையிலேயே சாக்கும் முறமுமாகப் பெண்கள் வந்துவிடுவார்கள். சந்தில் பாதி வீடுகளில் மரத்தூள் அடுப்புதான். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் கால் கடுக்க நின்ற காலம். ஆத்தா அடுப்புக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தகர டின்னின் அடியில் ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒரு தடிக் குச்சி நடு வரைக்கும் நுழையும். டின்னின் நடுவில் ஒரு சீசாவை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கையால் அமுக்கும். இன்னும் கொஞ்சம் கொட்டும், முட்டியால் குத்தும். விளிம்பு வரைக்கும் வந்ததும் குச்சியை உருவிவிட்டு, சீசாவைத் திருகியபடி மெல்ல மேலே எடுக்கும். நடுவில் சிலிண்டர் போல ஒரு துளை நின்றுகொள்ளும். இதில்தான் கைவாகு. அவசரப்பட்டால் தூள் சரிந்து துளை மூடிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. கீழே ஒரு துண்டுக் காகிதத்தைப் பற்ற வைத்தால் போதும். ஊத வேண்டாம், தள்ள வேண்டாம். சோறு, குழம்பு, பிறகு குளிக்க வெந்நீர் என்று உள்ளிருந்து வெளியே ஒரு வட்டமாகத் தின்றுகொண்டே வரும். வேம்புத் தூள் எரிந்தால் கண் கரிக்கும். தேக்குத் தூள் எரிந்த நாளில் வீட்டுக்குள் புதுச் செருப்புக் கடை வாசனை அடிக்கும்.

தூளுக்கு அடுத்தது பட்டைப் பலகை. கட்டையின் நாலு பக்கமும் முதல் அறுப்பில் விழும், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் பட்டையோடு வளைந்த பலகைகள். ஆட்டுப்பட்டிக்கு அடைப்பு, கோழிக்கூண்டு, குளியல் மறைப்பு, பெட்டிக்கடை முகப்பு என்று சந்தே அதில் கட்டியதுதான். மிச்சம் விறகுக்கடைக்குப் போகும். கொஞ்சம் தூள் ஐஸ் பேக்டரிக்குப் போகும். பாளம் பாளமாக ஐஸ் அந்தத் தூளுக்குள் புதைந்து கரையாமல் கிடக்கும். புளியங்கட்டை வந்தால் அதிலிருந்து ஒரு முழ உயரத்துக்குத் துண்டு போட்டுத் தரச்சொல்லிக் கறிக்கடைக்காரர்கள் காத்திருப்பார்கள். கத்தி எத்தனை கொத்து கொத்தினாலும் சிம்பு எழும்பாத மரம் அது ஒன்றுதான்.

நல்ல தேக்குத் துண்டுகளுக்குத் தனி ஆட்கள் வருவார்கள். அவர்கள் பேட்டர்ன் ஆசாரிகள். கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் பக்கத்து ஃபவுண்டரிகளுக்கு மர அச்சு செய்கிறவர்கள். பம்பு உடல் வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதை மரத்தில் செய்ய வேண்டும். அதை மணலில் அமுக்கி எடுத்து, விட்டுப்போன பள்ளத்தில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும். அதனால் பேட்டர்ன் ஆசாரியின் அடிக்கோல் மற்றவர்களுடையதைவிட அந்த அரைக்கால் அங்குலம் நீளம். வீட்டு ஆசாரி தவறிப்போய் அந்தக் கோலை எடுத்து வாசற்கால் செய்தால் கதவே சேராது. கொங்கு நாட்டுக் கிணறுகளில் இறங்கித் தண்ணீர் தூக்கிய பம்புகளில் எத்தனையோ, முதலில் தேக்காகப் பிறந்து பிறகு இரும்பானவை. அந்தத் தேக்கும் அப்பாவின் கணக்கில் கழிவு.

மில்லில் ஒரு டாக்டர் இருந்தார். பேண்ட் சாவின் பட்டை ரம்பத்துக்குப் பல் பிடித்துக் கூராக்குகிறவரை எல்லா மரமில்லிலும் சா டாக்டர் என்றுதான் சொல்வார்கள். எங்கள் டாக்டர் பாலக்காட்டுக்காரர். பல்லைத் தீட்டிய பிறகு, ஒன்றை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என்று மயிரிழை அளவுக்கு வளைத்துக்கொண்டே போவார். அப்போதுதான் வெட்டு வாய் கொஞ்சம் அகலமாகும். ரம்பம் கட்டைக்குள் சிக்காது. அந்த அகலம் கூடினால் தூள் கூடும், முதலாளிக்கு நஷ்டம். குறைந்தால் ரம்பம் சூடேறி அறுந்து சாட்டை மாதிரி பறக்கும், ஆளுக்கு நஷ்டம். இரண்டு நஷ்டத்துக்கும் நடுவில் அவர் கண் வேலை செய்தது. சந்துப் பெண்கள் அவரைப் பார்த்து, "டாக்டரே, நாளைக்கித் தூளு கொஞ்சம் நெறைய வர்ற மாதிரி பல்லு வையுங்க" என்பார்கள். அவரும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "எழுதிக் கொடுக்கறேன், மூணு வேளை சாப்பிடணும்" என்பார்.

அவர் பயந்தது ரோட்டோரப் புளிக்கு மட்டும்தான். ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டிய புளியமரங்களை ஏலத்தில் எடுத்து வருவார்கள். ஒருமுறை முழு வேகத்தில் ரம்பம் அதற்குள் போய்க்கொண்டிருந்தபோது பொறி பறந்தது. ஒரே ஒரு "டங்". மெஷினை நிறுத்திப் பார்த்தால் நாற்பது ஐம்பது பல் மழுங்கிப் போயிருந்தது. கட்டையைக் கோடாலியால் பிளந்தார்கள். உள்ளே, நல்ல சேகுக்கு நடுவில், நாலு விரல் நீளத்தில் ஒரு கையடி ஆணி. மரம் அதை விழுங்கி, மேலே வருஷா வருஷம் வளையம் போட்டு மூடியிருந்தது. லோடுமேன்கள் ஆளுக்கு ஓரடி பின்னால் போனார்கள். பேய் பிடித்தவரின் மயிரைச் சுற்றிப் புளியமரத்தில் ஆணி அடித்துவிடுகிற வழக்கம் எல்லாருக்கும் தெரியும். "ஆரு ஊட்டுப் பேயோ, இப்ப எறங்கிருச்சு" என்றார் ஒருவர். டாக்டர் அன்று முழுக்க அரத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டையின் தூளை அடுப்புக்குக் கொண்டுபோக ஒரு பெண்ணும் வரவில்லை. கணக்கில் வராத அந்தக் கழிவையும் வேண்டாமென்று சந்து சொன்ன ஒரே நாள் அதுதான்.

கட்டைகளுக்கு அப்போது சொந்த ஊர் இருந்தது. வனத்துறை டிப்போ ஏலத்தில் எடுத்தவை சுத்தியல் முத்திரையோடும் பாஸ் சீட்டோடும் லாரியில் வரும். தோட்டத்து மரங்களுக்குச் சீட்டுக்குப் பதில் கதை இருக்கும்: பெண் கல்யாணத்துக்கு வெட்டின வாகை, பாகப்பிரிவினையில் விழுந்த வேம்பு, கிணறு வற்றின வருஷம் விற்ற பலா. அப்பா வெட்டு முகத்தில் தண்ணீர் தெளித்து மோந்து பார்ப்பார். தேக்கின் நெய்ப்பு, ஈட்டியின் பூவாசனை, வேம்பின் கசப்பு. வேங்கைத் தூளைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வெயிலில் பிடித்தால் நீலம் பளபளக்கும். அதை எனக்கு முதலில் காட்டியவர் டாக்டர். வேங்கைப் பாலில் செய்த கறுப்புப் பொட்டு எங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லார் நெற்றியிலும் இருந்தது. கண்ணேறும் படாது, சீக்கிரம் அழியவும் செய்யாது.

"ஆனைமலைத் தேக்கு" என்று சொல்லும்போது மட்டும் அப்பாவின் குரல் அரைக்கட்டை தணியும், சாமி பேரைச் சொல்வது போல. இத்தனைக்கும் அந்த மலையில் இருக்கும் டாப்சிலிப்பை அவர் பார்த்ததே இல்லை. அங்கிருந்து வந்த கட்டையின் சுற்றளவு தெரியும். அது நின்ற இடம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அழைத்துக்கொண்டு வனக் கல்லூரி வளாகத்தில் உள்ள காஸ் மியூசியத்துக்குப் போவார். வன அதிகாரி காஸ் 1902-ல் தொடங்கியது. பக்கத்திலேயே 1912-ல் வனக் கல்லூரியும் வந்தது. மற்றவர்கள் மிருகங்களைப் பார்க்கும்போது அப்பா மரத்துண்டுகள் அடுக்கிய அலமாரி முன்னால் நிற்பார். கண்ணாடிக்கு வெளியே நின்று மூக்கைச் சுருக்குவார். கண்ணாடி வழியாக வாசனை வராது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

மலையின் கதையை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பம்பாய்க் கப்பல் பட்டறைக்குத் தேக்கு வேண்டும் என்று 1840-களின் கடைசியில் கேப்டன் மைக்கேல் ஆனைமலைக் காட்டில் வேலை தொடங்கினார். பிறகு ரயில் வந்தது; தண்டவாளத்துக்கு அடியில் போட ஸ்லீப்பர் கட்டை கேட்டது. வெட்டிய மரங்களை மலை விளிம்பு வரைக்கும் யானைகள் இழுத்து வரும். அங்கிருந்து சரிவில் உருட்டிவிடுவார்கள். உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பதால்தான் டாப்சிலிப். யானைகளைப் பழக்கியவர்கள் மலசர்கள். கப்பலும் ரயிலும் எவ்வளவு தின்றன என்றால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சரிவு மொட்டையாகிக்கொண்டிருந்தது. அப்போது அங்கே வந்த ஹியூகோ உட் என்ற வன அதிகாரி, வேரோடு பிடுங்காதே, அடிக்கட்டையை விட்டு வெட்டு, அது தழைக்கும் என்றார். கோட்டுப் பையில் தேக்கு விதையோடு நடப்பார், கைத்தடியால் மண்ணில் குத்தி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவார் என்று இன்றும் மலையில் சொல்கிறார்கள். 1933-ல் இறந்தவரை அவர் விரும்பியபடியே அந்தத் தேக்குகளுக்கு நடுவில் புதைத்திருக்கிறார்கள்.

கட்டைகளின் வரத்து நின்ற கதையும் பக்கத்து மலையில்தான் தொடங்கியது. நீலகிரியின் கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுகிறார்கள் என்று நிலம்பூர் கோவிலகத்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. நாடு முழுவதும் காடு என்றால் என்ன, அதில் எப்போது கோடாலி வைக்கலாம், மரமில் எங்கே ஓடலாம் என்று எல்லாவற்றையும் தொட்டது. எங்கள் மில்லை அது ஒரே நாளில் மூடிவிடவில்லை. லாரிகள் வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகின. பிறகு கட்டைகள் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வரத் தொடங்கின. பர்மாத் தேக்கு, மலேசியக் கோங்கு, அப்புறம் நைஜீரியா, கானா. வெட்டு முகத்தில் பெயிண்டில் எண் இருக்கும், கதை இருக்காது. பர்மாவும் 2014 ஏப்ரல் முதல் உருட்டுக் கட்டையை வெளியே விடுவதில்லை. ஒருநாள் டாக்டர் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கேஸ் அடுப்பு வந்துவிட்டதால் தூளுக்காகக் காத்திருக்கவும் ஆளில்லை. மில் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் ஷோரூம். சந்தின் பெயரைக் கேட்டால் நகராட்சி வைத்ததைத்தான் சொல்கிறார்கள்.

ஏங்குவதற்கு எனக்கு உரிமை உண்டா என்று சில சமயம் தோன்றும். எங்கள் வீட்டில் எரிந்த அடுப்பு, யாரோ மொட்டையடித்த மலையின் தூளில் எரிந்தது. உத்தரவு வந்தது நல்லதுக்குத்தான் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. இப்போது விவசாயிகள் தோட்டத்திலேயே மலைவேம்பும் சவுக்கும் போடுகிறார்கள்; மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி கன்று கொடுத்து, வாங்குகிற கம்பெனியோடு ஒப்பந்தமும் போட வைக்கிறது. அஞ்சாறு வருஷத்தில் வெட்டு. காட்டைத் தொடாமல் மரம் வருகிறது. அதை நூல் சுற்றி யாரும் அளப்பதில்லை. லாரியோடு எடைமேடையில் ஏற்றி டன் கணக்கு. பட்டை, ஈரம், தூள் எல்லாம் சேர்த்தே விலை. ஒரு வகையில் அப்பாவின் கணக்கைவிட நியாயமான கணக்கு.

ஆனாலும் போன வருஷம் மகள் சரவணம்பட்டியில் வீடு கட்டியபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முன்வாசலுக்குக் கானாத் தேக்கு, கம்ப்யூட்டர் மெஷினில் பூ செதுக்கி, பாலிதீன் சுற்றி வந்தது. உள் அறைகளுக்கு டபிள்யூ.பி.சி. என்கிறார்கள், மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் குழைத்த பலகை. மரத்தூள் என்றதும் காது நிமிர்ந்தது. மோந்து பார்த்தேன். புது பக்கெட் வாசனை. கதவு மாட்ட வந்த பையன் நாலு கதவை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுக் கை தட்டிக்கொண்டான். பெருக்குவதற்கு ஒரு முறம்கூடத் தேறவில்லை.

"அளவா வருதுங்க சார். வேஸ்ட்டே இல்லீங்க."

பெருமையாகத்தான் சொன்னான். பாவம், அவன் மேல் தப்பே இல்லை. அந்த இரண்டே முக்கால் அடிக்குள் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்று அவனிடம் எங்கே ஆரம்பித்துச் சொல்வது?

வீட்டுவேலை முடிந்ததும் ஒருநாள் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாக டாப்சிலிப் போனேன். அப்பாவின் நூல் சட்டைப்பையில் இருந்தது. அவர் போன பிறகு மில் கணக்கு நோட்டுகளை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள, நான் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். உட் கல்லறையைப் பார்த்தேன். லத்தீனில் ஒரு வரி. என் நினைவுச்சின்னம் வேண்டுமென்றால் சுற்றிப் பார் என்கிற அர்த்தம். சுற்றிப் பார்த்தால் தேக்குதான். சில மரங்கள் ஒரே அடிக்கட்டையிலிருந்து இரண்டாகப் பிரிந்து போயிருந்தன. வெட்டுப்பட்டுத் தழைத்தவையாக இருக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில், பாதையோரம் நின்ற ஒரு மரத்தை ஒட்டி நின்றேன். கூட வந்த வழிகாட்டிப் பெரியவரிடம், "தொட்டுப் பாத்துக்கட்டுங்களா?" என்றேன். தலையாட்டினார். நூலை எடுத்து மார்பு உயரத்தில் சுற்றினேன். முனை தொட்ட இடத்தை நகத்தால் பிடித்தேன். இரண்டாய் மடித்தேன். மறுபடியும் இரண்டாய். கண் தானாக மேலே போய் முதல் கிளை வரைக்கும் எத்தனை அடி என்று பார்த்தது. வாய் ஏதோ எண்ணை முணுமுணுத்தது.

பெரியவர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, வெல பேசறீங்களா?"

வெட்கமாகப் போயிற்று. "இல்லீங்க, பழக்கம்" என்றேன். மடிப்பைப் பிரித்துவிட்டேன். நூலில் மரத்தின் பொருக்கு கொஞ்சம் ஒட்டியிருந்தது. தட்டிவிடாமல் அப்படியே சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.